மலை ஏறக்கூடாத வருஷம்

கிரீஸ் நாட்டில் தெசலோனிக்கி என்று ஒரு துறைமுக ஊர். அதன் பழைய மேட்டுப் பகுதிக்கு ஆனோ போலி என்று பெயர். காலை ஒன்பது மணிக்கு அங்கே ஒரு கல் பாவிய சந்தில் ஸ்வர்ணா மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள். அவள் குடியிருக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அவளைத் தெரிந்த அத்தனை பேரும் அவள் ஆபீஸ் வேலையாக வெலிங்டன் போயிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அதே ஊரில் வெஸ்ட்கேட் பகுதியில் இருக்கும் மகள் ஸ்ருதிக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

பின்னே என்ன செய்வாள்? புருஷன் மாரிசாமி போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்று அவருடைய அண்ணன் நல்லசாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வருஷம் திரும்பும், சரி. அதுவரை முழங்கால் காத்திருக்குமா? மேடு ஏறுவதெல்லாம் இந்த வருஷத்தோடு சரி என்று டாக்டர் கையை விரித்துவிட்டாரே!

மாரிசாமி கல்யாணத்துக்கு முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். என்ஜின் பழுதாகி இந்த ஊரில் இருபது நாள் கிடந்தபோது தினமும் இந்த மேட்டில் ஏறினாராம். உச்சியில் ஒரு பழைய மடம், அதன் முற்றத்தில் மயில் உலாத்தும் என்பார். "கிறிஸ்தவ மடத்துல மயிலா? யார் காதுல பூ சுத்துறீங்க?" என்று இருபத்தாறு வருஷமும் கிண்டலடித்தாள். "கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன் பாருடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் போயே போய்விட்டார். அந்த மயில் உண்டா இல்லையா என்று பார்க்காமல் இறங்குவதில்லை என்றுதான் வந்திருந்தாள்.

மாடிகள் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த மர வீடுகள். ஒரு கார் பானட்டின்மேல் மூன்று பூனைகள் தூங்கின. திரும்பிப் பார்த்தால் கீழே கடல். ஒரு படம் எடுத்து ஸ்ருதிக்கு அனுப்பினாள். அங்கேதான் கோட்டை விட்டாள். படம் போனது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு.

இரண்டே நிமிஷத்தில் நல்லசாமி போனில் வந்தார்.

"ஸ்வர்ணா, அது வெலிங்டன் மாதிரி தெரியலையே?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. சீ, எத்தனை நாளைக்கு என்று வெறுத்துப்போயிற்று.

"கிரீஸ், மாமா. உங்க தம்பி சொன்ன மேட்டுல ஏறிட்டிருக்கேன்."

"என்னம்மா அக்கிரமம் இது! வருஷத் திதி கழியல, மலை ஏறுவியா? இப்பவே இறங்கு. இல்லேன்னா திதிக்கு நாங்க ஒருத்தரும் உன் வாசப்படி மிதிக்க மாட்டோம். ஆம்பளப் பிள்ளை இல்லாத வீடு, பிண்டம் யார் வைப்பாங்கன்னு யோசிச்சுக்கோ."

சுருக்கென்று தைத்தது. கொள்ளி வைத்த மனுஷன் என்று இத்தனை நாள் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருந்தாள்.

"ஹில்ஸ்பரோல உங்க வீடு எங்க மாமா இருக்கு? பள்ளத்துலயா? மாசாமாசம் அமாவாசைக்கு அந்த மேட்டுல ஏறித்தானே வந்தேன். உங்களுக்குச் சமைச்சுப் போட ஏறினா மட்டும் தப்பில்லையா?"

"அது வேற, இது வேற..."

"ஒண்ணும் வேற இல்ல. நான் இறங்க மாட்டேன். நீங்க வரலைன்னா ஸ்ருதி பிண்டம் வைப்பா. பெத்த மகதானே!"

போனைத் துண்டித்தாள். சொந்தம் மொத்தமும் விட்டுப்போகுமோ என்று பயமாகத்தான் இருந்தது. இருந்தும் ஏறினாள். வழியில் இரண்டு முறை யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

மடத்து முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். கடைசியில் பார்த்தால், மதில் ஓரமாக, தோகையைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் வந்தது மயில்.

"அய்யோ, நீங்க பொய்யே சொல்லலையேங்க!" என்று வாய்விட்டு அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்தாள். இந்த முறை நன்றாகப் பார்த்தே குடும்பக் குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: "உங்க தம்பி சொன்னது நெசம், மாமா. நான் உச்சியிலதான் இருக்கேன்."