மறதிப் பட்டியல்

முதியோர் இல்லத்துக் கூடத்தில் காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காது கேட்காத லட்சுமிகாந்தம்கூடப் போய்விட்டு வந்தார். சின்னத்தாயை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

"என்னடி கேட்டாக?" என்றாள், பக்கத்துக் கட்டில் வள்ளித்தாயிடம்.

"ராத்திரி நல்லாத் தூங்குறீகளான்னு நர்சுப் பொண்ணு கேட்டா. மேனேஜர் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. நல்லாத் தூங்குறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"சாயங்காலம் ஆறு மணிக்கே மாத்திரையைக் குடுத்து அமுக்கிப் போடுறாகளே, அதைச் சொன்னியா?"

வள்ளித்தாய் போர்வையை உதறி மடிக்கத் தொடங்கினாள்.

சின்னத்தாய் சுவரைப் பிடித்தபடி கூடத்துக்குப் போனாள். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் சம்மணம் போட்டு வேலை பார்த்த முழங்கால், அவசரத்துக்கு வராது. மதுரை நர்சிங் கல்லூரியில் படிக்கும் பாண்டிச்செல்வி, வயதானவர்களின் தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்தாள். மேனேஜர் காசிராஜன் நாற்காலியை அவளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னையும் கேளு தாயி."

"இவங்களுக்கு ஞாபகமறதி மேடம். மறதிக்காரங்க லிஸ்ட்ல பேரு இருக்கு. என்ன வேணாலும் உளறும்" என்றார் காசிராஜன். "மகன் கையெழுத்து இல்லாம கேக்கக் கூடாது."

பாண்டிச்செல்வி சங்கடத்தோடு நிமிர்ந்தாள். "காலேஜ்லயும் அப்படித்தான் விதி வச்சிருக்காங்க பாட்டி."

சின்னத்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எம்மகன் திருப்பூருக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. நான் தூங்குறது அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு மறதின்னு எந்த டாக்டர் சொன்னாரு? எப்ப வந்து பாத்தாரு?"

காசிராஜன் லிஸ்டை மடித்து வைத்துக்கொண்டார். பாண்டிச்செல்வி பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து, மறதி இருக்கிறதா என்று பார்க்கும் கேள்விகளைக் கேட்டாள். வருஷம் ரெண்டாயிரத்து ஏழு, மாசம் ஆவணி, ஊர் விருதுநகர். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள். அறுபத்தஞ்சு வரை வந்து, "இன்னும் போகவா?" என்றாள் சின்னத்தாய்.

"முப்பதுக்கு இருபத்தெட்டு சார். இவங்க கையெழுத்தே போதும். தனியாக் கேக்கணும், கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் இல்லாம ஒரு கேள்வியும் கிடையாது."

"இருக்கட்டும் தாயி. அவரும் கேக்கட்டும்."

சின்னத்தாய் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள். ராத்திரி எல்லோரையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்தான். ஒண்ணுக்குப் போக யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றுதான் மாத்திரை. முழுங்கினோமா என்று வாயைத் திறந்து பார்ப்பார்கள். விடிந்து வெகுநேரம் தலை சுற்றும். பொன்மணி அப்படி விழுந்துதான் இடுப்பு ஒடிந்தது. ஒரு வார்த்தை விடாமல் பாண்டிச்செல்வி எழுதிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அவள் மறுபடி வந்தபோது வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. வாசலுக்கு வந்த சின்னத்தாயிடம் கம்பிக்கு வெளியே நின்றே பேசினாள்.

"இல்லத்துல அனுமதியை வாபஸ் வாங்கிட்டாங்க பாட்டி. எழுதின பதினெட்டுத் தாளையும் கிழிச்சிரச் சொல்லிட்டாரு எங்க கைடு புரொபசர். வேற இல்லம் பாக்கணுமாம்."

"அனுமதி குடுத்தது நானு. நான் வாபஸ் வாங்கலையே! எம்பேச்சைக் கிழிக்க அவரு யாரு?"

"ஒரு தாளை வச்சு ஆராய்ச்சி பண்ண முடியாது பாட்டி."

"அப்ப ஆராய்ச்சி வேண்டாம். கலெக்டர் ஆபீசு இதே ஊர்லதான இருக்கு? அங்கன குடு."

"ஆராய்ச்சியில சொன்னவங்க பேரை நான் வெளிய விடக் கூடாது."

"நீ எங்க விடுறே? நான்ல விடுறேன். புதுத் தாளை எடு. சின்னத்தாய், வயசு எழுபத்திரண்டு, எழுது."

வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்க, பாண்டிச்செல்வி எழுதிய மனுவில் சின்னத்தாய் கம்பி வழியாகவே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் கலெக்டர் ஆபீசிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து, மாத்திரைக்கு டாக்டர் எழுதிய சீட்டைக் கேட்டார்கள். ஒன்றுகூட இல்லை. அன்றோடு மாத்திரை நின்றது. வேறு தண்டனை எதுவும் யாருக்கும் இல்லை. காசிராஜன் இன்னும் மேனேஜர்தான். சின்னத்தாயிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.