எல்லா நாட்டு ராணிக்கும் ஒரே முகம்

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், தாமசின்.”

“கேளுங்களேன்.”

“அது வந்து... அந்தத் தீவு மனுஷனுக்குக் காதை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடலாமா?”

மூன்று வருஷத்துக்கு முந்தைய பேச்சு. நினைத்தால் தாமசினுக்கு இப்போதும் சிரிப்பு வரும். கேட்க வந்தது காதைப் பற்றி இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் ஆம்ப்ரோஸ் பலமுறை வாயெடுத்தான். ஒவ்வொரு முறையும் வால், கொம்பு, இறக்கை என்று எதையாவது கேட்டுவிட்டுப் போனான்.

கணவன் இறந்தபின் செயின்ட் பால் தேவாலய முற்றத்து அச்சுக்கூடத்தை அவள்தான் நடத்திவந்தாள். ஆம்ப்ரோஸ் எழுதும் தூரதேசப் புத்தகங்கள் அங்கே சூடான ரொட்டி போல விற்றன. மார்பில் வாய் உள்ளவர்கள், ஒற்றைக்கால் மனிதர்கள், தங்கத்தில் குளிக்கும் அரசர்கள். அவனோ பக்கத்திலிருக்கும் கிரேவ்சென்ட் துறைமுகத்தைக்கூடத் தாண்டியதில்லை.

“ஒரு தடவை நேர்ல பாத்துட்டுத்தான் எழுதுங்களேன்” என்று போன மாதம் விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். மனுஷன் ரோஷப்பட்டு, கீழ்த்திசைக்குப் போகும் கப்பலில் எழுத்தராகச் சேர்ந்துவிட்டான். நாளைக் காலை கப்பல் கிளம்புகிறது. போகிறவர்களில் பாதிப்பேர் திரும்புவதில்லை. சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் நாட்களை ஓட்டினாள்.

இன்று மத்தியானம் அவனுடைய புதுப் புத்தகத்தின் முதல் படத்தாள் அச்சிலிருந்து வந்தது. ராணி படம் போடுவது இதுதான் முதல் தடவை. தாளை உரித்தெடுத்த கிழவன் ஹாப் அப்படியே நின்றான்.

“முதலாளியம்மா, தலையில இறகு வச்சுக்கிட்டு எப்போ போஸ் குடுத்தீங்க?”

“என்ன உளர்றே?”

பார்த்தாள். தாடையில் மச்சம், முன்பல்லில் இடைவெளி, இடுப்பில் இடதுகை. ராணியின் காலடியில் மார்பில் வாயுள்ள இருவர் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். படத்துக்கான மரக்கட்டையைச் செதுக்கியவன் ஆற்றுக்கு அக்கரைக்காரன். அவளைக் கண்டதே இல்லை. புத்தகத்தில் எழுதியிருந்ததை அப்படியே செதுக்கியிருக்கிறான்.

அவள் ஓடிப்போய்ப் பழைய புத்தகங்களைப் புரட்டினாள். தார்த்தாரி தேசத்து ராணிக்கும் மச்சம். எத்தியோப்பிய ராணிக்கும் பல்லில் இடைவெளி. எல்லாம் அவள் கையாலேயே அச்சுக்குக் கோத்த எழுத்துகள். கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாற்றிக் கோக்கும்போது எழுத்துதான் கண்ணில் படும், ஆள் படுவதில்லை.

விடைபெற ஆம்ப்ரோஸ் வந்தபோது கூடம் முழுக்கக் கொடிகளில் ராணிகள் காய்ந்துகொண்டிருந்தார்கள். அவன் முகம் சிவந்துபோயிற்று.

“எத்தனை சீமை, எத்தனை ராணி! எல்லாரும் என் அக்கா தங்கச்சிங்களா?” என்றாள், இடதுகையை இடுப்பில் வைத்து.

“ஊர் ஒண்ணையும் பாத்ததில்லையே. அரக்கன்னா கை என்ன வேணா எழுதிடும். ராணின்னு எழுதினா இந்த முகம்தான் வருது.”

“அப்போ நாளைக்கு எதுக்குக் கப்பல்? நிஜ ராணியைப் பாக்கவா?”

“அய்யா, சட்டுனு சொல்லுங்க, மை காயுது!” என்று ஹாப் அச்சுக்குப் பின்னாலிருந்து கத்தினான்.

ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமினான். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், தாமசின்.”

“காதா, வாலா?”

“ரெண்டும் இல்ல. நான் கப்பல் ஏறல. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”