தங்கமுத்து வீட்டுத் தொட்டியின் ஆற்று நிலவரம்

1957ஆம் ஆண்டு சித்திரை பதினாறாம் திகதி காலை முதல், வல்வெட்டித்துறையில் தங்கமுத்து வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் ஒரு மலையாறு ஓடத் தொடங்கியது. வருசப்பிறப்பன்றே தொடங்கிவிட்டது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் வருசப்பிறப்பன்று தலையில் மூலிகை மருத்துநீர் வைத்து ஏழு பேர் அந்தத் தண்ணீரில் முழுகியிருக்கிறார்கள், ஒருவரும் நடுங்கவில்லை என்பதால் பதினாறே சரியாக இருக்கவேண்டும். தொட்டி ஐந்தடி நீளம், நாலடி அகலம், முழங்காலளவு ஆழம். தண்ணீர் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்குக் கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு ஓடியது. வருவதற்கும் போவதற்கும் துவாரம் இல்லை. மேசன் வந்து நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, சீமெந்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். தங்கமுத்துவின் கவலை வேறு. கிணற்றுத் தண்ணீரில் நுரைக்கவே மறுக்கும் சவர்க்காரம் இந்தத் தண்ணீரில் பொங்கிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. நெருப்பு வெயிலில் நின்று உடுப்புத் தோய்த்தவளுக்குக் கை விறைத்தது. பருப்பு மட்டும் ஒரு கொதியிலேயே அவிந்தது. வாடைக் காற்று தொடங்க ஆறு நின்றுவிடும். அடுத்த சித்திரையில் திரும்ப வரும். இவ்வளவையும் கவனித்தபின் அவள் அதைப்பற்றி யோசிப்பதை விட்டுவிட்டாள்.

அது எந்த ஆறு என்று கண்டுபிடித்தவர் ஐசாக். கோப்பாயைச் சேர்ந்த மெதடிஸ்தர். நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். லீவு முடிந்து போகுமுன் கருவாடு வாங்கச் சைக்கிளில் வந்தவர், தாகத்துக்கு ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். குடித்தார், செம்பைப் பார்த்தார், இன்னொரு செம்பு கேட்டார்.

“அக்கா, உது எங்கடை ஆத்துத் தண்ணியெல்லோ?”

“எந்த ஆறு, தம்பி? யாழ்ப்பாணத்திலை ஆறு எங்கை கிடக்கு?”

ஐசாக் தொட்டியருகில் குந்தினார். புள்ளி விழுந்த மீன் ஒன்று மேலே வந்து ஒரு கொசுவை விழுங்கிவிட்டுப் போனது. அது ட்ரவுட் என்றும், வெள்ளைக்காரர் சீமையிலிருந்து கொண்டுவந்து விட்டது என்றும், தண்ணீரில் விழும் பூச்சியைத்தான் தின்னும் என்பதால் துரைமார் கோழி இறகைத் தூண்டிலில் கட்டிப் பூச்சி மாதிரி மிதக்க விடுவார்கள் என்றும் விளக்கினார். பதினாலு வருடமாக ஞாயிறு தவறாமல் துரைக்குப் பின்னால் வலைக்கூடை பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்.

தங்கமுத்து சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “கோழிச் செட்டையைக் கண்டு ஏமாறுற மீனோ? எங்கடை கடலிலை எண்டால் உது ஒரு கிழமை சீவிக்காது.”

ஐசாக் எதையும் ஒரே தடவையில் நம்புகிறவர் அல்ல. தோட்டத்துக்குத் திரும்பியதும் ஒரு மாதம் நாள்தோறும் லொறியில் ஆற்றடிக்குப் போய் அதன் நிறத்தையும் உயரத்தையும் குறித்து வைத்து, தங்கமுத்து அனுப்பிய தபாலட்டைகளோடு ஒப்பிட்டார். ஒரு நாள் மட்டும் பிசகியது. அன்று பிழை விட்டது தானே என்று பின்னர் ஒப்புக்கொண்டார். அதன்பின் கோடைதோறும் வெள்ளிக்கிழமை காலையில் வல்வெட்டித்துறையிலிருந்து தோட்டத்துக்கு ஒரு தந்தி போனது. துரைமார் இருபது மைல் மலைப்பாதையில் கார் ஓட்டிவந்து, கலங்கிய ஆற்றைப் பார்த்துத் திட்டிவிட்டுத் திரும்புவது அதோடு நின்றது. தங்கமுத்து பார்த்ததைச் சொல்வாள், தபால் மாஸ்டர் ஆங்கிலத்தில் எழுதுவார். நாளடைவில் அவள் தேர்ந்துவிட்டாள். மலையில் மழை பெய்தால் தொட்டி முதலில் பாலூற்றிய தேத்தண்ணியாகவும், பிறகு வெறும் தேத்தண்ணியாகவும், மூன்றாம் நாள் கண்ணாடியாகவும் மாறும் என்பதும், எந்த மாதம் எந்தப் பூச்சி, சின்னக் கறுப்பா மண்ணிறமா, விழும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். தந்தி இப்படி இருக்கும்: “தண்ணீர் வடிகிறது, தெளிவு. காற்று இல்லை. நாலு மணிக்குப் பின் சின்னக் கறுப்பு. பெரியவை கரையோரம்.”

வேறு ஊரில் என்றால் இதில் ஒரு பிழையும் இல்லை. கடலுக்கு அப்பால் இந்தியா இருந்து, இரவில் கள்ளத் தோணியில் சீலை வந்திறங்குகிற ஊரில் இப்படி ஒரு தந்தியை மீன் என்று நம்பச் சுயபுத்தியுள்ள ஒருவரும் தயாராக இல்லை. ஊர் அதைத் தப்பாக எடுக்கவில்லை, மரியாதைதான் கூடியது. பக்கத்து வீட்டுக் கமலாவதி வேலிக்கு மேலால் எட்டி, “அக்கா, எனக்கும் ஒரு சின்னக் கறுப்பு எடுத்துத் தாருங்கோவன், கலியாண வீட்டுக்கு உடுக்க,” என்பாள். தங்கமுத்து விளக்கப் போனால், “ஓமோம், மீன்தான், மீன்தான்,” என்று கண்ணடிப்பாள்.

1961இல் யாரோ கையெழுத்தில்லாத புகார்ப் பெட்டிசம் ஒன்று எழுதினார்கள். வைகாசி முதற்கிழமை கரைக்காவல் உத்தியோகத்தர் கனிசியஸ், நாலு வருடத் தந்திகளின் பிரதிகளோடு வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், பென்சிலைக் காதில் செருகியிருப்பார். தொட்டியை எட்டிப் பார்த்தார். அதில் ஆறு ஓடியது. ஆனால் அவர் தேடி வந்தது ஆற்றை அல்ல.

“உது மீனெண்டால் நான் பாப்பரசர், அம்மா,” என்றார்.

தங்கமுத்துவின் புருசன் ஆழ்வாப்பிள்ளையின் தோணி ‘வள்ளிநாயகி’, அடி சுரண்டி எண்ணெய் பூசுவதற்காக அப்போது மணலில் ஏற்றப்பட்டிருந்தது. ஆழ்வாப்பிள்ளையின் தோணி என்பது பேச்சுக்கு. அது தங்கமுத்துவின் சீதனம். கனிசியஸ் அதற்கு அரக்குமுத்திரை வைத்து, தந்தியின் பொருள் விளங்கும்வரை அசைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கடலில் நிற்கவேண்டிய மரம் கோடை வெயிலில் நின்று சுருங்கியது. முதற்கிழமை பலகைகளுக்கிடையே நகம் போனது. மூன்றாம் கிழமை விரல் போனது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முடியுமுன் இறக்காவிட்டால் அந்த வருடத்துக் கடலோட்டம் போச்சு. இன்னும் ஒரு மாதம் நின்றால் தோணியே விறகு என்றார் தோணி கட்டும் ஓடாவி.

“ஊரிலை எல்லாற்றை தொட்டியிலையும் பாசி பிடிக்குது. உன்ரை தொட்டியிலைதான் ஆறு,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

“என்ரை தோணிதானே காயுது. நீங்கள் ஏன் கத்திறியள்?” என்றாள் தங்கமுத்து. ஆனால் தினமும் பின்னேரம் போய்ப் பலகைகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் இருந்தவள் அவள்தான்.

அவளுடைய கடிதம் கண்டு ஐசாக், துரையிடம் இரவல் வாங்கிய தூண்டில் தடியோடு ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் வந்தார். கனிசியஸும் வரவழைக்கப்பட்டார். அன்று யாழ்ப்பாணத்தில் ஒரு மேகம் இல்லை. தொட்டி பால்தேத்தண்ணியாகப் பொங்கி வாழையடிக்கு வழிந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடை ஒன்று கிழக்கு மூலையில் தோன்றி, கமலாவதி கைநீட்டுமுன் மேற்கு மூலையில் மறைந்தது. தங்கமுத்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இண்டைக்குக் கடிக்காது, ஐயா. நாளைக்கும் நாளையிண்டைக்கும் கடிக்காது. வியாழன் நாலு மணிக்குப் பிறகு சின்னக் கறுப்புக்குக் கடிக்கும். பெரிசு கரையோரம் நிக்கும்.” கனிசியஸ் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, கீழே அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

ஐசாக் பதினெட்டு வருடம் வலைக்கூடை பிடித்தவரே தவிர, தடியைத் தொட்டவர் அல்ல. திங்கள் முருங்கை மரத்தைப் பிடித்தார். செவ்வாய் கொடியில் காய்ந்த கமலாவதியின் சீலையைப் பிடித்தார். புதன் கனிசியஸின் தொப்பியை மிகச் சுத்தமாகப் பிடித்தார். மீன் கடிக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் கனிசியஸ், “கடிக்காது” என்ற சொல்லுக்கு எதிரே ஒரு சரி போட்டுவிட்டுப் போனார். மூன்றாவது சரியைப் போட்டபோது அவர் முகத்தில் கொஞ்சம் கலக்கம் இருந்தது.

வியாழன் தொட்டி கண்ணாடியாக இருந்தது. ஐசாக் தன் டப்பாவிலிருந்து மண்ணிறப் பூச்சி ஒன்றை எடுக்க, தங்கமுத்து தட்டிவிட்டாள். “உது சித்திரைப் பூச்சி, தம்பி. இப்ப விழுறது சின்னன்.” தன் கறுப்புச் சேவலைப் பிடித்துக் கழுத்து இறகில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள்; சேவல் போட்ட சத்தத்தில் ஊர் கூடியது. இறகு கட்டி முடிய நாலு மணி ஐந்து நிமிடம். சாட்சி தன் கையாலேயே இருக்கட்டும் என்று கனிசியஸ் தடியை வாங்கினார். வீசத் தெரியாததால் தொட்டியின் விளிம்பில் மெதுவாக இறக்கி வைத்தார். தண்ணீர் உடைந்தது. தடி வில்லாக வளைந்தது. மீன் தொட்டிக்குள் அறுபது யார் தூரம் ஓடியது. நூல் அவ்வளவும் போய்த் திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கரையேறியபோது பதினொன்றரை அங்குலம். கனிசியஸ் ஈரக் கையோடு பென்சிலைத் தேடி, ‘சின்னக் கறுப்பு’ சரி, ‘நாலு மணி’ சரி, ‘பெரிசு’ சரி, ‘கரையோரம்’ சரி என்று போட்டார்.

“கும்பிடுறன், பாப்பரசரே,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

மீனைப் பொரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். உப்புச் சப்பில்லை என்பது ஊரின் ஏகமனதான தீர்ப்பு. அன்று மாலையே முத்திரை உடைக்கப்பட்டது. ஆனால் தோணியின் அடிப் பலகைகளுக்கிடையே இப்போது கையே போனது. அப்படியே இறக்கினால் கரையிலேயே தாழும். வயிறு நிறைய நல்ல தண்ணீர் வைத்தால்தான் மரம் ஊதிப் பொருந்தும், கடல் தண்ணீர் சரிவராது என்றார் ஓடாவி. ஊர்க் கிணறுகள் எல்லாம் அடிமட்டத்தில் கிடந்தன. சனிக்கிழமை காலை தங்கமுத்து தன் படலையைத் திறந்துவிட்டாள். கிணற்றடியிலிருந்து கடற்கரைவரை நூற்று நாற்பது பேர் வரிசையாக நின்று வாளி மாற்றினார்கள். கமலாவதி இரண்டு வாளி மாற்றினாள். தொட்டியில் அரை அங்குலம்கூடக் குறையவில்லை.

பதினொரு மணிக்கு மலையிலிருந்து அவசரத் தந்தி வந்தது. “ஆறு திடீரென ஒன்பது அங்குலம் இறங்கிவிட்டது. துரைமார் நாலு பேர் வெறுங்கல்லில் நிற்கிறார்கள். காரணம் அறிவிக்கவும்.” தங்கமுத்து வரிசையை விட்டு விலகாமலே பதில் சொல்லி அனுப்பினாள்: “தோணி நனைக்கிறோம். நாளை ஏறும்.”

மறுநாள் ஏறியது. திங்கட்கிழமை வள்ளிநாயகியைத் தள்ளினார்கள். ஒரு செம்பு தண்ணீர்கூட ஊறவில்லை. பாய் விரித்துப் போகும்வரை தங்கமுத்து இடுப்பளவு கடலில் நின்றாள், பிறகு போய் இரண்டு நாள் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அன்று பின்னேரம் மலையிலிருந்து இன்னொரு தந்தி: “நன்றி. இனிச் சனி, ஞாயிறு வேண்டாம்.”

அதிலிருந்து வல்வெட்டித்துறையில் சனி ஞாயிறுகளில் தோணி நனைப்பதில்லை. வெள்ளைத் துரைமார் கப்பலேறி, தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்து, மீன் பிடிக்கும் துரைமாரும் நம்மவர்களாகிவிட்ட 1979இலும் அப்படித்தான். தோணி நனைக்க வந்து ஏனென்று கேட்கும் வெளியூர்க்காரருக்கு, அது மலையில் மீன் பிடிக்கிற நாள் என்று ஓடாவி பதில் சொல்வார். அவர்களும் அது நியாயம்தான் என்று திங்கட்கிழமை வருவார்கள்.