வெளிப்பக்கத்துக் கொண்டி

பஹ்மியா தேத்தண்ணி எடுத்துவரக் குசினிக்குள் போன நேரத்தில்தான் டொக்டர் சுகிர்தன் அந்தக் கொண்டியைக் கண்டார். அவளுடைய தகப்பன் ஸெய்னுதீனின் அறைக் கதவுக்கு வெளிப்பக்கமாக, நெஞ்சளவு உயரத்தில், புதிதாகப் பூட்டிய இரும்புக் கொண்டி. அதைச் சுற்றி நீலப் பெயின்ற் உரிந்து மரம் தெரிந்தது. உள்ளே கட்டிலில் சாரத்தை மடித்துக் கட்டியபடி இருந்த ஸெய்னுதீன், "காத்து எந்தப் பக்கம்?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் பயணிகள் லோஞ்ச் படகு ஓட்டிய சுக்கானி. பாலங்கள் வந்து லோஞ்ச் நின்றுபோனது. அதற்குப் பல வருடம் கழித்து மறதி நோய் வந்து மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டபோது, காலை ஐந்தரை மணிப் பயணம் மட்டும் அவரிடம் மிஞ்சியது. சுபஹுத் தொழுகைக்கு முன்னமே எழும்பி இறங்குதுறைக்கு நடந்துவிடுவார்.

"இது எப்ப போட்டது?" என்று டொக்டர் கேட்டார்.

பஹ்மியா கோப்பையை ஸ்டூலில் வைத்தாள். "நோன்புக்குப் பொறகு, சேர். ரெண்டு தரம் போயிட்டாரு. ஒருக்கா ஆட்டோக்காரங்க கூட்டி வந்தாங்க. மத்தத் தரம் இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டாரு. நான் மூண்டு மணிக்கு எழும்பி கடைகளுக்கு இடியப்பம் அவிக்கிற. குசினில நிண்டா முன்வாசல் தெரியாது."

அவள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய ஒன்று என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. ஐந்து வருடமாகத் தகப்பன் தின்றது, தூங்கியது, வெளிக்குப் போனது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டுவருகிறவள். வீட்டுப் பராமரிப்பைப் பார்வையிடப் புதன்கிழமை கொழும்பிலிருந்து வரப்போகும் குழுவுக்குக் காட்ட மாதிரி வீடு ஒன்று கேட்டபோது, டொக்டர் யோசிக்காமல் இந்த வீட்டைத்தான் சொன்னார். குழு நிரப்பப்போகும் படிவத்தைத் தயாரித்தவரும் அவரே. அதில் மூன்றாவது கேள்வி, நோயாளி கட்டப்படுகிறாரா, பூட்டப்படுகிறாரா என்பது.

சுகிர்தனுக்கு ஐம்பத்தாறு வயது. அவரோடு இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் படித்தவர்கள் ஊருக்கு வந்த வேகத்திலேயே அங்கே திரும்பிப் போனார்கள். அவர் ஊரில் நின்றார். வியாழக்கிழமைகளில் மறதி நோய்க்கென்று கிளினிக் தொடங்கியபோது ஒரு மேசையும் இரண்டு கதிரையும்தான் இருந்தன. வயது போனால் மறதி வருவதுதானே என்று சொல்லும் பிள்ளைகளிடம், இல்லை, இது நோய், இதற்குப் பெயர் உண்டு என்று சொல்லிச் சொல்லியே சில வருடங்கள் போயின. பிறகு அலைந்து திரிந்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கட்டில்களோடு ஒரு வார்ட் வாங்கினார். பராமரிக்கும் பெண்கள் ஆளை இரண்டு கிழமை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் நித்திரை கொண்டோம் என்றுதான் சொன்னார்கள்.

அந்த வார்ட்டை மூட வைத்தது அவருடைய சொந்த வசனம். முதியோர் பராமரிப்புக் கொள்கை எழுதும் குழுவில் அவரையும் சேர்த்தபோது, 'முதியவருக்குச் சிறந்த இடம் அவருடைய வீடு' என்று எழுதிக் கொடுத்தார். சம்பளத்துக்கு வீட்டுக்கு வரும் உதவியாளரும் ஊருக்கு ஒரு பகல் நிலையமும் இருந்தால்தான் அது நடக்கும் என்பது அடுத்த வசனம். அச்சாகி வந்தபோது முதல் வசனம் அட்டையில் இருந்தது. மற்றது எந்தப் பக்கத்திலும் இல்லை. கடிதம் எழுதினார், பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. போனார், கையெழுத்து வைத்தார். ஆறு மாதத்தில் பன்னிரண்டு கட்டில்களும் வேறு பகுதிக்குப் போயின. வீடுதான் சிறந்தது என்று எழுதியவர் எந்த முகத்தோடு மறிப்பது?

"பஹ்மியா, புதன்கிழமை ஆக்கள் வரேக்க இது இருக்கக் கூடாது" என்றார்.

"அவங்க போன பொறகு போடலாமா?"

"போடலாம். ரெண்டு நாள்தானே."

அவள் கதவைப் பார்த்தாள். "அந்த ரெண்டு நாளைக்கு ஆரையாவது அனுப்புவீங்களா, சேர்? விடியக்காலையில மட்டும். வாப்பாக்குப் பக்கத்தில இருக்க."

"பாக்கிறன்" என்றார். அனுப்ப ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

சாரதி தம்பிராசா வாகனத்திலிருந்த சாமான் பெட்டியைக் கொண்டுவந்து ஐந்து நிமிடத்தில் கொண்டியைக் கழற்றினான். நாலு திருகாணிகளையும் பஹ்மியாவின் உள்ளங்கையில் வைத்தான். அவள் அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

புதன்கிழமை எல்லாம் நல்லபடி நடந்தது. நான்கு அதிகாரிகளும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் வந்தார்கள். ஸெய்னுதீன் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். எல்லோரையும் பயணிகள் என்றே நினைத்து, "நடுவுக்கு வாங்க, ஓரத்தில இருந்தா நனைஞ்சிருவீங்க" என்று இருத்தினார். மொழிபெயர்த்துச் சொன்னதும் வெள்ளைக்காரப் பெண் கண் கலங்கச் சிரித்தாள். கிழவரின் கையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதப்படுவதை டொக்டர் தோளுக்கு மேலால் பார்த்தார்.

போகும்போது அதிகாரிகளில் ஒருவர், வெள்ளிக்கிழமை வீடியோ எடுக்க ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார். பஹ்மியா படலைவரை வந்தாள். இரண்டு இரவாக அறை வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டு, கண்ணை மூடாமல் கிடந்திருக்கிறாள். கடைகளுக்கு இடியப்பம் போகவில்லை. நோயாளியைப் பார்ப்பதற்கு முதல் அவரைக் கூட்டி வந்தவரின் கண்ணைப் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் டொக்டர். அவளுடைய கண்ணைப் பார்த்தார்.

"இனிப் போடவா, சேர்?"

"வெள்ளிக்கிழமை படம் எடுக்க வருகினம். அது முடியட்டும், பஹ்மியா."

அவள் படலையைத் திறந்து பிடித்தாள். வாகனத்தில் இருந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்துகிறது என்றார்கள்.

வியாழன் விடியக்காலையில் ஸெய்னுதீன் எழும்பினார். வாசலில் கிடந்த மகள் அயர்ந்து தூங்கிவிட்டிருந்தாள். அவளைக் கடந்து போனார். மிதிக்கவும் இல்லை, எழுப்பவும் இல்லை. டொக்டருக்குச் செய்தி கிளினிக்கில் கிடைத்தது. அன்று முழுவதும் கொட்டியாரக் குடாவில் தோணிக்காரர்கள் தேடினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு, ஆறு கடலில் விழும் இடத்தில் கண்டல் மரங்களின் வேருக்குள் உடல் கிடைத்தது. வீடியோ எடுக்க வந்தவர்கள் தம்பலகாமத்தில் வேறொரு வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டைத் தொலைபேசியில் ஒழுங்கு செய்து கொடுத்தவரும் டொக்டர்தான்.

திடீர் மரண விசாரணைக்கு, வைத்தியம் பார்த்தவர் என்ற முறையில் டொக்டரையும் அழைத்தார்கள். நோயைப் பற்றிக் கேட்டதற்கு விளக்கமாகச் சொன்னார். அதன் பிறகு விசாரணை அதிகாரி பஹ்மியாவின் பக்கம் திரும்பினார்.

"முந்தி கதவைப் பூட்டி வைக்கிறது எண்டு அயலாக்கள் சொல்லுறாங்க. அண்டைக்கு ஏன் பூட்டல்ல?"

பஹ்மியா நிமிர்ந்து டொக்டரைப் பார்த்தாள். மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. 'நான்தான் கழற்றச் சொன்னேன்.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான், அது அவருடைய நாக்கிலேயே இருந்தது. அடுத்த மாதம் தேசிய ஆலோசனைச் சபைக்குப் பெயர்கள் போகின்றன என்பதும், அங்கே போனால் அந்தப் பன்னிரண்டு கட்டில்களைத் திரும்பக் கேட்கலாம் என்பதும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. அவர் கையிலிருந்த வைத்தியக் கோப்பைக் குனிந்து பார்த்தார்.

"நித்திரையாப் போயிட்டன்" என்றாள் பஹ்மியா.

வெளி விறாந்தையில் அவர் அவளுக்குப் பின்னால் போனார். "நீங்கள் ஏன் சொல்லேல்ல?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்தன், சேர்."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

நோயாளியின் கோப்பை மூடும்போது மரணத்துக்கான சூழ்நிலை என்ற இடத்தில், 'பராமரிப்பாளரின் கவனக்குறைவு' என்று எழுதினார். வேறு சொல் தேடினார். படிவத்தில் கொடுத்திருந்த ஐந்து காரணங்களுக்குள் கிட்டத்தட்டப் பொருந்தியது அதுதான். ஊரிலும் அதையேதான் சொன்னார்கள். வாப்பாவை விட இடியப்பம் பெரிதாய்ப் போய்விட்டது என்று பள்ளிவாசல் ஒழுங்கையில் பேசினார்கள். கட்டாரிலிருந்த அவளுடைய கணவன் ஸப்வானுக்கும் யாரோ அப்படியே சொன்னார்கள். அவன் ஒரு மாதம் அவளோடு கதைக்கவில்லை. குழுவின் அறிக்கை வெளிவந்தபோது பதினான்காம் பக்கத்தில் ஸெய்னுதீன் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இறந்த செய்தி அறிக்கையில் இல்லை. டொக்டர் சபைக்குத் தெரிவானார். முதல் கூட்டத்தில் கட்டில்களைப் பற்றிப் பேச எழும்பினார். அந்த விடயம் நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார்கள். பராமரிப்பாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு என்பது இருந்தது. அதைப் பொறுப்பேற்கும்படி அவரையே கேட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை பஹ்மியா கிளினிக்குக்கு வந்தாள். மற்றவர்களைப் போல இலக்கத் துண்டு எடுத்து, இரண்டரை மணித்தியாலம் மர வாங்கில் உட்கார்ந்திருந்து, தன்னுடைய முறை வந்ததும் உள்ளே வந்தாள். தகப்பனுக்கு மிஞ்சியிருந்த மருந்துக் குளிசைகளை மேசையில் வைத்தாள். "தேதி முடியல்ல. வேற ஆருக்காவது குடுங்க" என்றாள். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை. தன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்பதா, கேட்டால் அது அவள்மேல் ஏற்றும் இன்னொரு சுமையாகுமா என்று அவர் தீர்மானிப்பதற்குள் கதவுச்சீலை ஆடி நின்றுவிட்டது.

தாதி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். கட்டைபறிச்சானிலிருந்து பாக்கியரத்தினம் என்ற வயோதிபர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் தடவை. இரண்டு பேரும் கதிரைகளில் நெருங்கி இருந்தார்கள். மனைவி சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

"ராவில எழும்பி நடக்கிறாவே?" டொக்டர் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார்.

"ஓம், டொக்டர். பகலிலயும்தான்." 

அப்போதுதான் அவர் கவனித்தார். கிழவரின் இடது மணிக்கட்டையும் மனைவியின் வலது மணிக்கட்டையும் சேர்த்து ஒரு பழைய சீலைத் துண்டு முடிந்திருந்தது. அவர் பார்க்கிறதைக் கிழவரும் கண்டுவிட்டார். முகம் சுருங்கியது.

"இது பஸ்சுக்காகக் கட்டினது, டொக்டர். வீட்டில இப்பிடி இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவசரமாக அவிழ்க்கப் பார்த்தார். ஒரு கையால் முடிச்சை இளக்க முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். மனைவி கலண்டரை விட்டுத் திரும்பி, தன்னுடைய கைமேல் கவிழ்ந்திருந்த அவருடைய நரைத்த தலையை மற்றக் கையால் மெதுவாகத் தடவிக் கொடுக்கத் தொடங்கினாள். டொக்டர் பேனையைத் திறந்து பிடித்தபடி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.