மூடிய மருத்துவமனையின் பதில்

அலுவலகத்தில் அவளுக்கு 'டெலிபோன்' என்று பட்டப்பெயர். எங்கெங்கோ இருக்கும் மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொன்றும் தன் பதிவுகளைத் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தது. மல்லுக்கட்டி எல்லாவற்றையும் ஒரு பொது முறைக்குக் கொண்டுவந்திருந்தாள். இங்கிருந்து ஒரே ஒரு கேள்வி அனுப்பினால் போதும். அத்தனையும் தத்தம் பதிவுகளைத் துழாவி, ஒரே வடிவத்தில் பதில் அனுப்பிவிடும்.

அந்தக் கேள்வியைச் சொந்தத் தம்பிக்காகவே கேட்க வேண்டி வந்தது. அவன் உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. எலும்பு மஜ்ஜை கொடுக்க ஆள் வேண்டும், அவளுடையது பொருந்தவில்லை.

இல்லை, இல்லை என்றே பதில்கள் வந்தன. கடைசியாக ஒன்று: முழுப் பொருத்தம். ஆண். தம்பியின் அதே பிறந்த தேதி. கடைசியாக எடை பார்த்தது: இன்று காலை.

பதில் வந்த இடத்தின் பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். தம்பி பிறந்த மருத்துவமனை அது. மூடி வருஷக்கணக்காகிறது.

அங்கே வேலை பார்த்த டெக்னீஷியனைப் போனில் கூப்பிட்டாள்.

"அந்த மெஷினா? நான்தானே கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டேன்? அங்க கரண்டே கிடையாதுங்க."

மறுபடி கேட்டாள். இந்த முறை அந்தப் பதில்தான் முதலில் வந்தது. கூடவே ஒரு வரி: கொடையாளிக்குச் சம்மதம்.

தம்பி சிகிச்சையில் இருந்த அறையின் வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, தம்பி பொறந்தப்ப கூட யாராவது…"

"ரெட்டைடி. இன்னொண்ணு அழவே இல்லன்னாங்க. என் கண்ணுல காட்டவே இல்ல."

"ஏம்மா சொல்லல?"

"எந்த வாயால சொல்றது?"

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரத்த அணு தானா ஏறுது. நாங்க இன்னும் ஒண்ணுமே பண்ணலையே!"

தம்பி கண் விழித்ததும், "பக்கத்து பெட்ல இருந்தவன் எங்கக்கா?" என்றான்.

"இது தனி ரூம்டா. வேற பெட்டே இல்ல."

"இருந்தான்க்கா. அச்சு அசல் என்னை மாதிரியே. பேசல, கையை மட்டும் புடிச்சுக்கிட்டான். ஐஸ் மாதிரி இருந்துச்சு."

அவள் வெளியே வந்து லேப்டாப்பைத் திறந்தாள். அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றாள். கேள்வி போனது. மூடிய மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது: கொடையாளி இறந்துவிட்டார். இன்று காலை.

அம்மா தேம்பவில்லை, திரையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். மகளின் விரல் மறுபடி விசைக்குப் போனபோது அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும் விடுடி. களைச்சுப் போயிருப்பான். இனிமே அவனைக் கூப்பிடாத."