டெமோ கார்

எனக்குச் சோறு போடுவது ஒரே ஒரு வாக்கியம். "பத்தே நிமிஷம் சார், நீங்க ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள முந்நூறு கிலோமீட்டருக்கு சார்ஜ் ஏறிடும்." மின்சாரக் கார் விற்கும் ஷோரூமில் ஆறு வருடமாக இதை வாய் கூசாமல் சொல்லி வருகிறேன்.

வெறுமனே சொல்வதில்லை, செய்தும் காட்டுவேன். டெமோ காரை முதலில் நாலு தெரு சுற்றி ஓட்டி பேட்டரியை, சார்ஜ் வேகமாக ஏறும் இளஞ்சூட்டுக்குக் கொண்டுவருவேன். பிறகு வாசலில் இருக்கும் அதிவேக சார்ஜரில் மாட்டுவேன். திரையில் எண்கள் தடதடவென்று ஏறும். வந்தவரின் மனைவி டீயை ஆற்றிக்கொண்டே "அடேயப்பா" என்பார். ஐம்பது சதவீதம் தாண்டியதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிளக்கை உருவிவிடுவேன். அதற்கு மேல் போகப் போக வேகம் குறையும். அதை அவர்கள் எதற்காகப் பார்க்கவேண்டும்? காதில் பூ சுற்றுவது என்று நீங்கள் சொல்வீர்கள். எங்கள் தொழிலில் அதற்கு டெமோ என்று பெயர்.

ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. எங்கள் பணிமனையில் பேட்டரி வேலை பார்ப்பவனை எல்லோரும் 'காய்ச்சல்' என்றுதான் கூப்பிடுவோம். எந்தக் காரைத் தொட்டாலும் "இதுக்குக் காய்ச்சல் அடிக்குதுண்ணே" என்பான். டெமோ காரைப் பற்றியும் சொன்னான். "தினமும் இப்படித் திணிச்சா ஒருநாள் அதுவே வாய மூடிக்கும்ணே." "நீ மெக்கானிக்கா, அதுக்கு மாமியாரா?" என்று கேட்டேன். பணிமனையே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான், பாவம்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் காரை ஊழியர்களுக்கே மலிவாகத் தள்ளினார்கள். முந்திக்கொண்டு கை தூக்கியது நான்தான். அதில்தான் அப்பாவைப் பார்க்கப் போனேன். அப்பா பெட்ரோல் பங்கில் முப்பத்திரண்டு வருடம் பம்ப் பிடித்தவர். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷமா? நான் ரெண்டு நிமிஷத்துல ரொப்பி, கண்ணாடியும் தொடச்சு விட்டுடுவேனேடா" என்றார். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "என் பையன் கார்" என்று காட்டினார்.

அன்று தங்கை போன் செய்தபோது மதியம் இரண்டு மணி.

"அண்ணா, ஆஸ்பத்திரியில இருக்கோம். அப்பாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. தொண்டையில குழாய் விட்டு மெஷின்ல போடணுமாம். மருந்து குடுத்துத் தூங்க வெச்சுடுவாங்களாம். அப்புறம் பேச முடியாது. முழிப்பாரான்னு அவங்களுக்கே தெரியல."

"போடச் சொல்லு. நான் கிளம்பிட்டேன்."

"மாட்டேங்கறார். உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போட்டுக்குவாராம். அஞ்சு மணி வரைக்கும்தான் தாங்கும்னு டாக்டர் சொல்றாங்க. சீக்கிரம் வாண்ணா."

இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். காரில் நாற்பது சதவீதம்கூட இல்லை. பத்தடி தள்ளி ஷோரூம் சார்ஜர் சும்மா நின்றது. நான் மாட்டவில்லை. நெடுஞ்சாலையில் இதைவிடப் பெரிய சார்ஜர் இருக்கிறது, அங்கே போய்ப் பத்து நிமிடம் போட்டால் போயிற்று என்று கிளம்பிவிட்டேன். ஊருக்கெல்லாம் சொன்ன கதையை நானே நம்பினேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

வெயில் கொளுத்தியது. காரை விரட்டு விரட்டென்று விரட்டினேன். மூன்று இருபதுக்கு சார்ஜ் நிலையத்தில் நுழைந்தபோது நான்கு சதவீதம் மிச்சம். இன்னும் நூற்றிருபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பத்து நிமிடம் சார்ஜ் போட்டால் ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போதே அப்பா முன்னால் நிற்கலாம். மனக்கணக்கில் இடிக்கவில்லை.

ஒரு தகரக் கூரை, இரண்டு பிளக்குகள், பூட்டிய கழிப்பறை. நிலையத்தில் அவ்வளவுதான். தூணில் 350 கிலோவாட் என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள். மாட்டினேன். திரையில் 38 கிலோவாட் என்று வந்தது. ஏறும் என்று காத்திருந்தேன். 38-லேயே நின்றது. ஷோரூமில் இருநூறுக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை.

பக்கத்துப் பிளக்கில் ஒரு பார்சல் வேன். ஓட்டுநர் நாற்பது வயதுப் பெண், இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். இரண்டு வண்டிகள் நின்றால் மின்சாரத்தைப் பங்கு போடும், அதுதான் விஷயம் என்று நினைத்தேன். கண்ணாடியைத் தட்டி, வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இறங்கி வந்து தன் பிளக்கை உருவினார்.

"மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்கங்க சார்."

இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். 38. கொஞ்சம் பொறுத்து 36.

"என்ன சார், குறையுது?" என்றார்.

காய்ச்சலுக்கு போன் போட்டேன். எண்களைக் கேட்டான்.

"சார்ஜர் மேல தப்பில்லண்ணே. கார்தான் வாங்க மாட்டேங்குது. ரெண்டு வருஷம் நாம திணிச்சதுல பேட்டரி தளர்ந்துபோச்சு, இப்ப வேற சூடா இருக்கு. தன்னக் காப்பாத்திக்கறதுக்காக அதுவே குறைச்சுக்குது."

"மாத்த வழி இல்லையா?"

"இல்லண்ணே. நாப்பது, அம்பது நிமிஷமாவது ஆகும். மன்னிச்சுக்குங்க."

அவன் எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்? போனை வைத்துவிட்டு தலையில் அடித்துக்கொண்டேன். வாடகைக் கார் தேடினேன். வந்து சேரவே ஐம்பத்தைந்து நிமிடம் என்று காட்டியது. வேன்காரப் பெண் கையைப் பிசைந்தார். "நானே கொண்டு போய் விட்டுடுவேன் சார், ஆனா எட்டு சதவீதம்தான் இருக்கு." அந்த எட்டோடுதான் எனக்காக நிறுத்தியிருக்கிறார். திரும்ப மாட்டிக்கொள்ளச் சொன்னேன்.

மூன்று ஐம்பதுக்குத் தங்கை அழைத்தாள். அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை.

"உதடெல்லாம் நீலமாயிடுச்சு. அஞ்சு வரைக்கும் தாங்காதாம். இப்பவே போடணுமாம், இல்லன்னா போயிடுவாராம். டாக்டர் கெஞ்சிப் பாத்துட்டாங்க. வழியில இருக்கான், வந்துடுவான்னே சொல்லிட்டு இருக்கார். நீ சொன்னாத்தான் கேப்பார். காதுல வெக்கறேன்."

ஆக்சிஜன் சீறும் சத்தம் கேட்டது. அதன் நடுவே அப்பா மூச்சை இழுக்கும் சத்தம்.

"அப்பா, குழாயப் போட்டுக்கங்கப்பா. நான் வந்துட்டேதான் இருக்கேன்."

"வா... வா. வந்தப்புறம்... போட்டுக்கறேன்."

"நேரமாகும்ப்பா."

"ஆகட்டும். நீ வர்ற வரைக்கும்... இருப்பேன்."

நான் வழியில் இருக்கும்வரை இந்த மனிதர் சம்மதிக்கமாட்டார். நான் வழியிலேயே இல்லை என்றால்தான் உண்டு. வாடிக்கையாளரிடம் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டேன். அது எனக்குக் கைவந்த கலை.

"அப்பா, உண்மையச் சொல்லிடறேன். நான் இன்னும் கிளம்பவே இல்ல. ஷோரூம்ல பெரிய பார்ட்டி வந்திருக்கு, விட்டுட்டு வர முடியல. நாளைக்குத்தான் வருவேன். நீங்க போட்டுக்கங்க."

வேன்காரப் பெண் என்னைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்றார் அப்பா. கோபம் இல்லை. "இவ்வளவு நேரம்... கஷ்டப்பட்டு இழுத்திருக்க மாட்டேன்." இன்னும் இரண்டு மூச்சு. "சரி. வேலையப் பாரு."

தங்கை போனை வாங்கினாள். நான் அப்போதே கிளம்பிவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். "சரின்னு தலையாட்டிட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணிக்கு நெருக்கம். அப்பாவின் வாயில் குழாய், கண்ணில் ஈரப் பஞ்சு. மெஷின் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காதருகே குனிந்து, "அப்பா, நான் வழியிலதான் இருந்தேன். அப்பவே கிளம்பிட்டேன்ப்பா" என்றேன். நர்ஸ் வந்து, "மருந்துல இருக்கார் சார், கேக்காது" என்றார். பரவாயில்லை என்று மறுபடி சொன்னேன்.

நாலு நாள் சொன்னேன். உள்ளே விடும் நேரத்தில் எல்லாம் போய்ச் சொன்னேன். தங்கை என் தோளைப் பிடித்து, "போதும்ணா" என்றாள். ஐந்தாம் நாள் காலை மெஷினை நிறுத்தினார்கள். பிள்ளைக்குத் தன்னைவிட வியாபாரம் பெரிது என்று நினைத்துக்கொண்டே என் அப்பா போய்விட்டார்.