வாத்தியார் முகத்தைப் பார்த்தவர்கள்

அன்று மூன்றாம் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். கூடத்துத் தலைவராக இருந்த வாத்தியார். அவருடைய மருமகள். மீன் பெட்டிகளை அடுக்கும் நெட்டை. எடை போடும் ஆள், பட்டப்பெயர் பீப்பாய். அட்டை ஒட்டும் அக்காவும் தங்கையும். மாடியில் கண்ணாடி அறைக்குள், மைக் முன்னால், தொண்டைக்கட்டு என்று இவர்கள் பெயர் வைத்திருந்த அந்த ஊர்க்காரர். வாத்தியாரின் மகன் அப்போது வெளியே லாரியடியில் ஒரு லாரிக்காரரோடு நின்றிருந்தான். இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் யாரும் அன்று அந்தக் கட்டடத்துப் பக்கமே வரவில்லை.

அது நம்மவர்கள் பிழைக்கப்போன ஒரு வெளிநாட்டு ஊரில், மீனைப் பனியாக உறையவைத்துப் பெட்டியில் அடைக்கும் குளிர்க்கிடங்கு. மற்றக் கூடங்களில் அந்த ஊர்க்காரர்கள் வேலை செய்தார்கள். மூன்றாம் கூடத்தில் மட்டும் எல்லாரும் நம்மவர்கள். கூடத்துக்கு இரண்டு கதவு. ஒன்று லாரிகள் வந்து நிற்கும் முற்றத்துக்குத் திறப்பது; அது லாரிக் கதவு. மற்றது குளிரூட்டும் யந்திரங்கள் இருக்கும் அறையை ஒட்டிய நடைக்குப் போவது; அது மிஷின் கதவு. அதில் கதவு என்று பெயருக்கு ஒன்றும் கிடையாது, தடித்த பிளாஸ்டிக் பட்டைகள்தான் தொங்கும். சாப்பாட்டு அறைக்கு அந்த நடை வழியாகத்தான் போக வேண்டும்.

வாத்தியார் ஊரில் இருந்தபோதே அந்த நாட்டு மொழியைப் புத்தகம் வைத்துப் படித்தவர். இலக்கணத்தில் அவரை அசைக்க முடியாது. வேலைக்கு வந்த முதல் நாள், மேலாளர் முன்னால் முதுகை வளைக்காமல் நின்று, ஒரு பிழை இல்லாமல் தன்னைப் பற்றிப் பேசினார். மேலாளர் அசந்துபோய்க் கையைக் குலுக்கி, பதிலுக்கு என்னவோ நீளமாகச் சொன்னார். வாத்தியார் "அப்படியே ஆகட்டும்" என்று அந்த மொழியிலேயே தலையசைத்தார். அன்றைக்கே கூடத்துத் தலைவர் பதவி கிடைத்தது. அந்தக் குடும்பத்துக்கு அந்த ஊரில் இருந்த மரியாதை முழுவதும் அந்த ஒரு தலையசைப்பின் மேல் நின்றது.

அதன்பிறகு கூடத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. மைக்கில் மணியோசை வந்தால் எல்லாரும் கையில் இருக்கும் வேலையை நிறுத்துவார்கள். ஆனால் ஒருவரும் மைக்கைக் கவனிக்க மாட்டார்கள். வாத்தியார் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் கேட்டு முடித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பொருளைச் சொல்வார்.

"லாரி வந்தாச்சு. பெட்டிய இறக்குங்க."

"சாப்பாட்டு நேரம். கையைக் கழுவிட்டுப் போங்க."

"ஷிப்ட் முடிஞ்சுது."

"வாத்தியார் இல்லேன்னா நாம எல்லாம் ஊமைப் பசங்கதான்" என்பான் நெட்டை. மணி கேட்டதுமே ஒரு கால் சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பிவிடும் அவனுக்கு. "அந்த ஆளு பேசறது பேச்சா, இல்ல கொப்பளிக்கிறாரா? வாத்தியாருக்கு எப்படித்தான் புரியுதோ!"

"உனக்குச் சோறுன்னு சொன்னா மட்டும் எந்த மொழியிலயும் புரியும்" என்பாள் அக்கா.

மருமகள் கல்யாணமாகி வந்து அந்தக் கூடத்தில் சேர்ந்தபோது அவளுக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சமைக்கும்போது துணைக்கு யாரும் இல்லையே என்று ரேடியோவைப் போட்டுவைத்தாள். காலையில் வானிலை சொல்லும் ஓர் ஆள் வருவார். முதலில் அவர் குரல் ஏறுவதும் இறங்குவதும்தான் அவள் காதில் விழுந்தது. பிறகு, ஜன்னலுக்கு வெளியே மழை பெய்த நாளிலெல்லாம் அவர் ஒரே சொல்லைச் சொல்வது பிடிபட்டது. காற்றுக்கு ஒரு சொல், பனிக்கு ஒரு சொல். ரொட்டி மாவு பிசைந்துகொண்டே அவர் பின்னால் அரை மூச்சு தள்ளி அவளும் முணுமுணுப்பாள். பொருள் தெரியாவிட்டாலும் வாய் அந்த வழியில் ஓடிப் பழகியது. பஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கும் பெண்களுக்குப் பின்னால், அவர்கள் முகம் தெரியாத இருக்கையாகப் பார்த்து உட்காருவாள். புரியாத சொல் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது, விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தொங்கினால் மீதி எல்லாம் போய்விடுகிறதே என்று தானாகத் தெரிந்துகொண்டாள்.

குளிர் குறையத் தொடங்கிய ஒரு நாள், வேலைக்கு நடுவே மைக் பேசியது. மருமகளுக்கு முதல் முறையாக அது கரகரப்பாகக் கேட்கவில்லை, பேச்சாகக் கேட்டது. இரண்டாம் கூடத்தில் தரை கழுவுகிறார்கள், வழுக்கும், சுற்றிப் போங்கள் என்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம். எல்லாரையும் போல அவளும் மாமனார் முகத்தைப் பார்த்தாள்.

மாமனார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "லாரி தாமதமாம்" என்றார்.

சிரிப்பு அவள் உதட்டிலேயே நின்றுபோனது.

தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அடுத்தடுத்த நாட்களில் கவனித்தாள். ஒவ்வொரு முறையும் கண் முதலில் கடிகாரத்துக்குப் போனது. காலையென்றால் லாரி, உச்சியென்றால் சாப்பாடு, மாலையென்றால் ஷிப்ட். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. மைக்கும் நேரத்துக்கு ஒன்றைத்தான் சொல்லும். நேரங்கெட்ட நேரத்தில் பேசினால் லாரி தாமதம். அவருக்கு மொழி தெரியாமல் இல்லை. எழுதிக் கொடுத்தால் ஒரே மூச்சில் படித்துவிடுவார். காதில் விழும்போதோ, முதலில் தட்டுப்படும் சொல்லுக்கு எழுத்து என்ன என்று தேடி அங்கேயே நின்றுவிடுவார். அதற்குள் பேச்சு தெருக்கோடி தாண்டியிருக்கும். ஒருமுறை, "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று யாரிடமாவது கேட்டிருந்தால் போதும். அந்த வம்சத்தில் யாரும் இன்னொரு தரம் கேட்டதில்லை.

அந்த வாரம் கூடத்தில் ஒரு நெடி வர ஆரம்பித்தது. மூக்கை அரிக்கும், கண்ணைக் கரிக்கும், தேடினால் இருக்காது. யந்திர அறைக் குழாய்களுக்குள் ஓடும் வாயுவின் நெடி அது. யந்திரம் பழுதுபார்க்கும் நீலச் சட்டைக்காரர்கள் வந்து குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். போகும்போது ஒருவர் மற்றவரிடம் சொன்ன ஒரு சொல் அவள் காதில் ஒட்டிக்கொண்டது. வானிலைக்காரர் புயல் நாளில் எச்சரிக்கையாகச் சொல்லும் சொல்.

மறுநாள் மைக் நீளமாகப் பேசியது. அபாயச் சங்கைப் பழுதுபார்க்கக் கழற்றியிருக்கிறோம், சரியாகும்வரை எச்சரிக்கை மைக்கில்தான் வரும், கவனமாகக் கேளுங்கள்.

"லாரி தாமதமாம்" என்றார் வாத்தியார்.

அன்று மாலை வீட்டில் அவருக்குத் தட்டு வைத்துவிட்டு, மருமகள் ஒதுங்கி நின்றாள்.

"மாமா, காலைல மைக்ல நெறைய பேசினாங்களே."

"ம். லாரி."

"சங்கு ரிப்பேருன்னு ஏதோ சொன்ன மாதிரி எனக்குப் பட்டுது."

வாத்தியார் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கு இந்த மொழியில எழுத்து எத்தனைன்னு தெரியுமா?"

"தெரியாது மாமா."

"எழுத்து தெரியாம சொல் எப்படிம்மா தெரியும்? காத்துல கேட்டியா?"

அவர் சாப்பாட்டை முடிக்காமலே எழுந்தார். "அந்த ரேடியோவக் கொஞ்சம் அணைச்சு வை. மண்டைய இடிக்குது."

கணவனிடம் சொன்னாள். அவனும் லாரியடியில் அந்த மொழியைக் காதால் கற்றவன்தான். அவன் ஆச்சரியப்படவில்லை, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவனுக்கு முன்பே தெரியும் என்பது அதிலேயே தெரிந்தது.

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத. அவர் அங்க தலை நிமிர்ந்து நிக்கிறது அது ஒண்ணாலதான். நாலு பேர் முன்னாடி அது போச்சுன்னா மனுஷன் அப்புறம் வீட்டை விட்டே வெளிய வர மாட்டார்."

"சங்கு இல்லீங்களே. ஏதாவது ஆச்சுன்னா மைக்தானே? மைக் பேசினா அவரைத்தானே எல்லாரும் பாப்பாங்க?"

"ஒண்ணும் ஆகாது. படு."

அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து மணியோசை கேட்கும்போதெல்லாம் அவள் கண் முதலில் லாரிக் கதவுக்குப் போனது. தப்பித்தவறி அந்த நாள் வந்தால் யார் மானத்தைக் காப்பது, யார் உயிரைக் காப்பது என்று மீனைத் துடைக்கும்போதும் யோசித்தாள். இரண்டையும் ஒரே வாயால் காக்க முடியுமா என்றும் யோசித்தாள்.

அந்த நாள் வந்தது. நெடி காலையிலிருந்தே இருந்தது. தங்கை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்திருந்தாள். "வெங்காயம் உரிக்கிற மாதிரி இருக்கு, குழம்புதான் காணோம்" என்று பீப்பாய் சொல்ல, சிரித்தவர்களுக்கு இருமல் வந்தது. உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் குளிர்விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த இரைச்சல் நின்றபிறகுதான் கூடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. எங்கேயோ சுவருக்குப் பின்னால் உஸ் என்று ஒரு சத்தம்.

மணியோசை.

நான்கு முகங்கள் வாத்தியார் பக்கம் திரும்பின. மருமகளும் திரும்பினாள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டைக்கட்டின் குரல் வேகமாக, சொல்லின் வால்களை விழுங்கிக்கொண்டு வந்தது. புரியாததை அவள் விட்டாள். யந்திர அறை. வாயு. மூன்றாம் கூடம். நடைப் பக்கம் வேண்டாம். லாரிக் கதவு. உடனே.

கண்ணைத் திறந்தபோது மாமனார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டு நேரம்" என்றார். "கிளம்புங்க."

நெட்டைக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. பட்டைகளை விலக்கிக்கொண்டு நடைக்குள் போயேவிட்டான். அக்காவும் தங்கையும் கையுறையைக் கழற்றிக்கொண்டு பின்னால் நடந்தார்கள்.

மருமகள் அதுவரை அந்தக் கூடத்தில் குரலுயர்த்தியதே இல்லை. அன்று உயர்த்தினாள்.

"மாமா! நீங்க சொன்னது இவங்க காதுல சரியா விழல! மிஷின் ரூம்ல காஸ் கசியுதாம், அந்தப் பக்கம் போகக் கூடாதாம், லாரிக் கதவு வழியா உடனே வெளிய போகணும்னு மாமா சொல்றார்! திரும்புங்க!"

அக்கா நின்றாள். "சாப்பாடுன்னுதானே சொன்னார்?"

எல்லாரும் மறுபடியும் வாத்தியார் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மருமகள் முகத்தைப் பார்த்தார். மேலே மைக் இரண்டாம் முறை அதையே சொல்லத் தொடங்கியிருந்தது. அவள் உதடுகள் சத்தமில்லாமல் அந்த அந்நியச் சொற்களோடு, அரை மூச்சு தள்ளி, அப்படியே அசைந்தன. உதட்டில் பார்த்தபோது, எழுதியதைப் படிப்பது போல, அவருக்கு ஒவ்வொன்றும் விளங்கியது. அவர் முகத்தில் நிறம் போய் நிறம் வந்தது.

பிறகு வாத்தியார் குரல் கூடத்தின் மறுகோடிவரை கேட்டது. "நான் சொல்றது காதுல ஏறலையா? லாரிக் கதவு! எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடுங்க!"

ஓடினார்கள். மருமகள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை போன இடத்தில் அவை இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"நெட்டை எங்கே?"

வாத்தியார் கழுத்துத் துணியை மீன் தொட்டித் தண்ணீரில் முக்கினார்.

"மாமா, வேண்டாம், ஆளுங்க வருவாங்க..."

"நான் சொல்லித்தானேம்மா அவன் போனான்." துணியை முகத்தில் கட்டினார். "நீ வெளிய போய் அவங்களோட நில்லு."

முதுகு வளையாமல் நடந்துபோனார். பட்டைகள் அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டன.

முற்றத்தில் மகன் ஓடிவந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் உள்ளே பாயப் போனபோது பீப்பாயும் அந்த லாரிக்காரரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். கதவிடுக்கில் வெள்ளையாக ஏதோ தரையோடு ஊர்ந்து வந்தது. நேரம் என்ன ஆனது என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் அந்த வெள்ளைக்குள்ளிருந்து நெட்டை தவழ்ந்து வந்தான். அவன் சட்டைக் காலரைப் பிடித்த கை ஒன்று தெரிந்தது. கைக்குப் பின்னால் வாத்தியார் விழுந்து கிடந்தார்.

நெட்டை பிழைத்தான். வாத்தியாரும் பிழைத்தார், ஆனால் குரல் திரும்பவில்லை. இப்போது அவர் பேசுவது பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும். அதையும் அதிகம் பேசுவதில்லை. காலையில் வானிலை நேரம் வந்தால் நாற்காலியை ரேடியோ பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்காருகிறார். கேட்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. மருமகள் சத்தத்தை ஒரு துளி கூட்டிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள்.

கூடத்தை மறுபடி திறந்துவிட்டார்கள். சங்கு இன்னும் வரவில்லை. மணியோசை வந்தால் இப்போது எல்லாரும் மருமகள் முகத்தைப் பார்க்கிறார்கள். "என்னைப் பாக்காதீங்க, மைக்கைக் கேளுங்க" என்று அவள் கெஞ்சாத நாள் இல்லை. "உனக்குத்தான் தெரியுமே" என்கிறார்கள். நேற்று அந்த நெடி மறுபடி வந்தது போல அவளுக்கு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் இந்த முறை "படு" என்று சொல்லவில்லை.

ஒன்று மட்டும். வாத்தியாருக்கு மைக் சொன்னது புரியவில்லை, அதனால்தான் சாப்பிடப் போவதாக நினைத்துக்கொண்டு அந்த நடைக்குள் போய் மாட்டிக்கொண்டார் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவருக்குப் புரிந்திருந்தது. நெட்டையைக் கூட்டிவரத்தான் போனார்.